சின்னக் காரில் குலுக்கலும் காற்றுச் சத்தமும்: டெல்டா சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கார் ஒன்றை வாங்கிய முதல் மாதம், இடுப்பு வலிக்காக அம்மாவைத் தஞ்சாவூருக்கு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பாபநாசத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அய்யம்பேட்டை வருவதற்குள் அம்மா ஒரு கையால் கதவின் மேல்பிடியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டார். "பஸ்லயே போயிருக்கலாம் தம்பி" என்றார். திரும்பி வரும்போது பேச்சே இல்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. கண்ணாடியை முழுக்க ஏற்றியும் காதோரம் 'உஸ்ஸ்' என்று காற்று இரைந்துகொண்டே வந்தது.

அதே காரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். அம்மா இப்போது முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறார். இதற்குப் பெரிய செலவு தேவைப்படவில்லை. ஆனால் அது தெரிவதற்கு முன்பே வேண்டாத இரண்டு செலவுகளைச் செய்துவிட்டேன். கதவுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் தாள்) ஒன்று, பின் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி இன்னொன்று. குறை இரண்டு இடத்திலும் இல்லை. முதல் கார் வாங்கியவர்கள் அந்த வழியில் பணத்தை விடக்கூடாது என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன். காசு பிடிக்காத வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.4 மீட்டரை ஒட்டித்தான் இடைவெளி. ஆல்ட்டோ 800-இல் 2,360 மி.மீ., ஸ்விஃப்ட்டில் 2,450 மி.மீ. முன் சக்கரம் ஏறி இறங்கிய அதிர்ச்சி அடங்குவதற்குள் பின் சக்கரம் ஏறிவிடும். வண்டியின் எடையும் குறைவு. எனவே பெரிய காரின் மிதப்பு இதில் வராது. ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்குக் கொண்டுவர முடியும். அதுவே வயதானவர்கள் உட்கார்ந்து வரப் போதும்.

சோதனைக்கு இரண்டு சாலை

குலுக்கலுக்கு ஒரு சாலை, காற்றுச் சத்தத்துக்கு வேறொரு சாலை.

குலுக்கலைப் பார்க்க உங்கள் ஊர் ஆற்றங்கரைச் சாலையே போதும். இரண்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு வேகத்தடை, ஒரு மதகு, தார் பெயர்ந்த ஓரிடம் இருக்க வேண்டும். நடவுக் காலத்தில் டிராக்டர் கேஜ் வீலோடு (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) சாலையில் ஏறி இறங்கிய இடங்களில் தாரில் வரிவரியாக வெட்டு விழுந்திருக்கும். அந்த வரிகள் சிறு அதிர்வைக் கண்டுபிடிக்க மிக நல்ல இடம். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, எந்த இடத்தில் எப்படி இடித்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு வாரத்தில் 'முன்னைவிடப் பரவாயில்லை போல' என்ற நினைப்புதான் மிஞ்சும்.

அறுவடை சமயத்தில் நெல்லோ வைக்கோலோ பரப்பிய சாலையைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். காயப் போட்டவருக்கு நெல் வீணாகும். வைக்கோல் அடியில் சுற்றிச் சைலன்சரின் சூட்டில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

காற்றுச் சத்தத்துக்கு வேகம் வேண்டும். தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் வல்லத்துக்கும் செங்கிப்பட்டிக்கும் இடையில் 80-இல் சீராக ஓட்டுவேன். போகும்போதும் வரும்போதும் இரண்டு முறையும் கேட்க வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றை நினைத்துப் பாருங்கள். கார் 80-இல் மேற்கே போகிறது, 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று. அப்போது கண்ணாடியில் மோதுவது 105 கிலோமீட்டர் வேகக் காற்று. திரும்பும்போது அதே 80-இல் மோதுவது 55 மட்டுமே. காற்றுச் சத்தத்தின் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் படியில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனாலே கிட்டத்தட்ட 4 மடங்கு. ஆடிக் காற்றில் திருச்சிக்குப் போகும் வழியில் கேட்ட சத்தத்தை வைத்து 'கதவு கெட்டுவிட்டது' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

குலுக்கல்: டயர் காற்றிலிருந்து தொடங்குங்கள்

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். பிறகு காற்று அளக்கும் கேஜ் ஒன்றை விலைக்கு வாங்கிக் காரிலேயே வையுங்கள். கார் தொடர்பாக நான் வாங்கியதில் இதைப் போல உழைத்தது வேறெதுவும் இல்லை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று என்று அதில் எழுதியிருக்கும். ஆள் குறைவாகப் போகும்போது ஒரு அளவு, முழு பாரத்துக்கு வேறு அளவு என்று இரண்டு வரி இருக்கலாம். சின்னக் கார்களில் இது பெரும்பாலும் 29 முதல் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரைக்குள் வரும். உங்கள் வண்டிக்கு உங்கள் ஸ்டிக்கர் சொல்வதுதான் அளவு, பக்கத்து வீட்டுக் காருடையது அல்ல.

நான் முதன்முதலாக அளந்தபோது நான்கு டயரிலும் 42 இருந்தது. முந்தின வாரம்தான் பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்திருந்தேன்.

"எவ்வளவுண்ணே வச்சீங்க?"

"நாப்பது தம்பி. நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு அது இருந்தாதான் ரிம்மு தப்பிக்கும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் காருக்கு முதல் ஸ்பிரிங் டயர்தான். கல் ஒன்று இடறினால், ஷாக்குக்கு அது தெரியும் முன்பே டயர் கொஞ்சம் அமுங்கி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். 40 வைத்தால் டயர் அமுங்காது. அந்த இடி நேராகப் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர்), ஷாக், சீட் என்று ஏறி இடுப்புக்கு வரும். பிரேக் பிடிக்கும்போது சாலையில் படியும் பரப்பும் குறையும், டயரின் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும்.

கார் நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, வெயில் ஏறும் முன் அளந்து பாருங்கள். சூடு 5, 6 டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும். கும்பகோணம் வரை ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்கில் அளந்தால் 3, 4 கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். சொகுசுக்காக ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே போகவும் கூடாது. சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் காற்றுக் குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். நைட்ரஜன் பிடித்தால் மிதக்கும் என்பார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிதப்புக்கு அளவு முக்கியம், வாயு அல்ல.

42-லிருந்து 32-க்கு இறக்கியதும் என் குலுக்கலில் பாதி போய்விட்டது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

டயரைப் பார்ப்பது

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்பதுபோல எழுதியிருக்கும். 165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய அலாய் வீல் போட்டு 175/65 மாட்டியிருந்தால் சுவர் 114 மி.மீ. ஆகிவிடும். குறைந்த அந்த 18 மி.மீ. ரப்பர்தான் உங்கள் மெத்தை. பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று வயது. சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) நிறைய இருந்தாலும் ஐந்தாறு வருடம் வெயில் பார்த்த டயர் கட்டையாகிவிடும். கொஞ்சம் ஓடிய பழைய கார்களில் இது மிகச் சாதாரணம், ஏமாறவும் எளிது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயரில் பதியும் தடம் அதில் பதியாது.

ஸ்பிரிங்குக்குள் என்ன இருக்கிறது?

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே தற்செயலாகக் கண்டுபிடித்தேன். டெல்டாவில் பழைய கார் வாங்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய இடம் இது.

நம் ஊர்களில் ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு வேகத்தடை. சில அளவு மீறி உயரமாக இருக்கும். விதை மூட்டை, உர மூட்டை, குடும்பத்தோடு கோயில் பயணம் என்று பின்பக்கம் பாரம் ஏறினால் அடி தட்டும். அதற்காகப் பலர் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஆன வளையம் ஒன்றைச் செருகிவிடுவார்கள். ஸ்பிரிங் பஃபர் என்பார்கள். வண்டி கொஞ்சம் தூக்கி நிற்கும். விற்கும்போது அதைக் கழற்றுவதும் இல்லை, சொல்வதும் இல்லை.

என் காரில் பின் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்பிரிங் முழுக்கக் காய்ந்த வண்டல் பூசியிருந்தது. குச்சியால் சுரண்டினேன். கறுப்புக் கம்பிக்கு நடுவில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஏதோ தெரிந்தது. தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. கட்டைவிரல் தடிமனில் ஒரு வளையம், இரண்டு சுற்றுகளுக்கு இடையே இறுகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒன்று.

அது செய்யும் வேலையைக் கணக்காகச் சொன்னால் எளிதில் புரியும். ஸ்பிரிங்கில் 6 சுற்றுகள் அமுங்கி எழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையம் ஒரு சுற்றைக் கட்டிப்போட்டுவிட்டால் 5 தான் வேலை செய்யும். ஸ்பிரிங்கின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், அதாவது 20 சதவீதம். நான்கு மூட்டை இருக்கும்போது அது சரியாகத் தோன்றும். ஒரு அம்மா மட்டும் பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும்.

எடுக்கும் முறை: காரைச் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி போட்டு உயர்த்தியதும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ கூடாது, அவை ஒரு நொடியில் நொறுங்கும். சக்கரம் தொங்கியதும் சுற்றுகள் விலகும். சோப்புத் தண்ணீர் விட்டுக் கையாலேயே வளையத்தைத் திருகி இழுக்கலாம். காருக்கு அடியில் உடம்பை நுழைக்க வேண்டியதில்லை. கை நீட்டினால் எட்டவில்லை என்றால் பட்டறைக்குப் போய்விடுங்கள். முன் ஸ்பிரிங்கில் வளையம் இருந்தால் வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு (முன் ஷாக் அடங்கிய தூண்) அழுத்திப் பூட்டியது. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

நிஜமாகவே வாரம் நான்கு நாள் மூட்டை ஏற்றுபவர் என்றால் வளையம் இருக்கட்டும். குடும்பம் மட்டும் போகும் காரில் அதற்கு வேலை இல்லை.

ஷாக், பம்ப் ஸ்டாப், புஷ்

மேலே சொன்னது எல்லாம் முடிந்தும் இடிக்கிறது என்றால்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

கதவைத் திறந்து படிக்கட்டு ஓரத்தில் உடல் எடையைப் போட்டு அழுத்தி விடுங்கள். பானெட் தகட்டை அழுத்தாதீர்கள், பள்ளம் விழும். வண்டி ஒரு முறை எழுந்து அடங்கினால் ஷாக் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் தளர்ந்துவிட்டது. அமுங்கவே மறுத்தால் ஷாக் உள்ளே இறுகிச் சிக்கியிருக்கலாம். ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தால் அதன் காலம் முடிந்தது. மாற்றினால் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஷாக்கின் தண்டில் தொப்பி போல ஒரு ரப்பர் இருக்கும், பம்ப் ஸ்டாப் என்று பெயர். ஷாக் முழுக்க அமுங்கினால் இரும்போடு இரும்பு மோதாமல் தடுப்பது அதுதான். பல பழைய கார்களில் அது பொடிந்து உதிர்ந்திருக்கும். பெரிய பள்ளத்தில் மட்டும் 'டங்' என்று இரும்புச் சத்தம் வந்தால் அதைப் பாருங்கள். சின்னச் சின்ன மேட்டில் 'டொக் டொக்' என்றால் லிங்க் ராடு (சக்கரப் பக்கத்தில் உள்ள சிறு இணைப்புக் கம்பி) அல்லது ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல் ரப்பர்) தேய்ந்திருக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கார்களில் உப்புக் காற்று ஸ்பிரிங் உட்காரும் தட்டையே அரித்திருக்கும். அங்கே கார் வாங்குபவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ் மாற்றும்போது நடக்கும் ஒரு தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப் பாகம் போட்ட மறுநாளே வண்டி முன்னைவிடக் கட்டையாகிவிடும், காரணமும் பிடிபடாது. எனக்கு ஒரு பட்டறையில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ் மாற்றியபோது அப்படித்தான் ஆனது. வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை முழு இறுக்கமாக முறுக்கிவிட்டார்கள். இந்தப் புஷ்ஷில் ரப்பர் நடுக் குழாயோடு ஒட்டியே இருக்கும், சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கிய நிலையில் இறுக்கினால், கீழே இறக்கி நிறுத்தியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். ஒவ்வொரு மேட்டிலும் அது வண்டியைத் திருப்பித் தள்ளும், சீக்கிரம் கிழியவும் செய்யும். சரியான முறையில், போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு முறை அமுக்கி எழவிட்டு, அந்த நிலையில் இறுக்க வேண்டும். "அண்ணே, வெயிட்டு சக்கரத்துல இருக்கும்போது டைட் பண்ணுங்க" என்று மரியாதையாகச் சொன்னால் நல்ல மெக்கானிக் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

காசில்லாத இரண்டு பழக்கங்களும் உண்டு. வேகத்தடைக்கு முன்பே பிரேக் பிடித்து, ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடியை வாங்க இடம் இருக்காது. இடுப்பு வலி உள்ளவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பின் சீட் பின் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது, குலுக்கல் அங்கேதான் அதிகம்.

காற்றுச் சத்தம்: முதலில் அது காற்றுதானா?

சாலை மாறும்போது சத்தம் மாறுகிறதா? தாரில் ஒரு மாதிரி, சிமென்ட் சாலையில் வேறு மாதிரி என்றால் அது டயர். ஒரே சீராக 'ஊம்ம்' என்று முனகி, லேசான வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறு பக்கம் குறைந்தால் வீல் பேரிங். அதைத் தள்ளிப்போடாதீர்கள். 60-க்குக் கீழே இல்லாமல் இருந்து, 70, 80-இல் காதோரம் தொடங்கி, எதிர்க்காற்றில் கூடினால் அது காற்றுச் சத்தம்.

ஏசியில் வெளிக்காற்று வரும் நிலையில் இருந்தால் உட்காற்று நிலைக்கு மாற்றிப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் கதவைத் தொட வேண்டியதில்லை. வைப்பர் அடியில் உள்ள காற்று வாயிலில் வைக்கோல் தூசியும் இலையும் அடைத்திருக்கும், அல்லது கேபின் ஃபில்டர் இல்லாமலே இருக்கும். பிறகு குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். கார்த்திகை மழையில் தண்ணீர் நின்ற சாலையில் ஓட்டியிருந்தால் இன்ஜினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப் கழன்று, வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். புதுக் கிளிப் போட்டால் போதும். கூரையில் கேரியர் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள்.

மாஸ்கிங் டேப் சோதனை

பெயின்ட் கடையில் கிடைக்கும் காகித மாஸ்கிங் டேப் ஒரு சுருள், ஒரு நண்பர், ஒரு மணி நேரம்.

வெளிப்பக்கமாக, முன் கதவின் மேல் விளிம்பு, முன் தூணுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சைடு மிரரின் அடி, கதவுக் கண்ணாடியின் கீழ்ப் பட்டை, டோர் வைசரின் ஓரம், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் என்று எல்லாவற்றையும் ஒட்டி மூடுங்கள். நண்பர் பின்பக்கக் கதவு வழியாக ஏறட்டும். நெடுஞ்சாலையில் 80-இல் ஓட்டுங்கள். சத்தம் குறையவே இல்லை என்றால் காற்று இந்த வழிகளில் வரவில்லை. குறைந்திருந்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஒரே ஒரு டேப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்த டேப்பை எடுத்ததும் சத்தம் திரும்புகிறதோ, அங்கேதான் ஓட்டை. நம் வெயிலில் டேப்பை ஓரிரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், பசை பெயின்டில் ஊறிவிடும்.

எனக்கு இரண்டு இடத்தில் திரும்பியது. முதலாவது டோர் வைசர். மழைக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று எல்லோரும் ஒட்டும் பொருள்தான். என் காரில் அதன் முன் நுனி ஒட்டுப் பிரிந்து ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. அந்தச் சின்ன வாயில்தான் விசில் அடித்தது. நன்றாக ஒட்டியிருந்தாலும் வைசர் காற்றைக் கிழித்துச் சத்தம் தரும் என்பது என் அனுபவம். ஐப்பசி கார்த்திகையில் அது தரும் வசதியும் உண்மைதான், ஆனால் அம்மாவின் பேச்சு காதில் விழ வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டதால் கழற்றிவிட்டேன்.

இரண்டாவது ஓட்டுநர் கதவின் மேல் முன்மூலை. அதை இன்னும் உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. வேகமாகப் போகும்போது கதவுக்கு வெளியே காற்றழுத்தம் குறைந்து கதவுச் சட்டத்தின் மேல்பகுதி வெளியே இழுபடும். முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர், தன் பக்கத்துக் கதவுச் சட்டத்தை மேல்பிடிக்கு அருகே உள்நோக்கி இழுத்துப் பிடிக்கட்டும். சத்தம் மங்கினால் ரப்பர் சரியாக அழுந்தவில்லை என்று பொருள். ஓட்டுபவர் இதைச் செய்யக் கூடாது. ஓட்டுநர் பக்கம் என்றால் காரை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்புக்கட்டியால் பாருங்கள்.

சுண்ணாம்புக்கட்டி, பத்து ரூபாய் நோட்டு, பீடிங்

கதவைச் சுற்றி உள்ள ரப்பரைக் கடையில் பீடிங் என்று கேளுங்கள். அதன் மீது பள்ளிக்கூடச் சாக்பீஸை உரசி, கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். எதிர்ப்புறத் தகட்டில் வெள்ளைக் கோடு இடைவிடாமல் விழுந்திருக்க வேண்டும். என் கதவில் மேல் மூலையில் நான்கு விரல் நீளத்துக்குக் கோடே இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பின்கதவுப் பீடிங் அமுங்கி உடனே எழுந்தது. இது அமுங்கிய இடத்திலேயே நாடாப் பட்டையாகக் கிடந்தது.

அடுத்து நோட்டுச் சோதனை. பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கிடையில் வைத்துச் சாத்தி இழுங்கள். இழுக்கும்போது கையில் ஒரு பிடிப்புத் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. நான்கு விரலுக்கு ஓரிடமாகக் கதவு முழுக்கப் பாருங்கள். பீடிங்கின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டைத் தேடி வரும், காருக்குள் நுழைய ரப்பரைக் கடிக்கும்.

கதவு முழுவதும் பிடிப்புக் குறைவாக இருந்தால், பீடிங் நல்லதாகவே இருந்து, பூட்டு சிக்கும் கொக்கி மட்டும் வெளியே தள்ளி இருக்கலாம். நடுத் தூணில் இருக்கும் அந்த இரும்பு வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்குருவையும் சற்றுத் தளர்த்தி, உள்ளே 1 மி.மீ. மட்டும் தள்ளி இறுக்குங்கள். கதவு வழக்கமான தள்ளலுக்கே மூட வேண்டும். ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது என்றால் அதிகம் தள்ளிவிட்டீர்கள், பென்சில் கோட்டுக்குப் பாதி திரும்புங்கள்.

ஓரிடத்தில் மட்டும் நசுங்கியிருந்தால் பீடிங்கை மாற்றத்தான் வேண்டும். அந்த மாடலுக்கான பீடிங்கையே வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் பொது ரப்பர் தடிமன் பொருந்தாமல் கதவை நிமிர்த்தி, கீலை இழுத்துவிடும். பழையதை இழுத்தால் வந்துவிடும். தகட்டு விளிம்பைத் துடைத்து, புதியதன் இணைப்பு கீழே நடுவில் வரும்படி தொடங்குங்கள். இணைப்பு மேலே இருந்தால் மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். மூலைகளை முதலில் உட்கார வைத்து, பிறகு நேர்ப்பகுதிகளை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள். நீளம் கூடுதலாகத் தெரிந்தாலும் இழுத்துப் பிடித்து வெட்டாதீர்கள். இழுபட்ட ரப்பர் ஒரு மாதத்தில் சுருங்கி, மூலையில் மறுபடி இடைவெளி விடும்.

பீடிங்குக்குச் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் சிலிகான் கிரீஸும் போதும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், டீசல் எதுவும் தடவாதீர்கள். பளபளப்பு இரண்டு நாள்தான், பிறகு ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். அவை தண்ணீர் வடிவதற்கானவை. சத்தம் வருகிறது என்று அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வைக்கோல் தூசியும் உமியும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள்.

டேம்பிங் ஷீட் பற்றி ஒரு வார்த்தை. தகடு அதிர்வதை அது அடக்கும், கதவு சாத்தும் ஓசையும் கனமாகும். ஓட்டை வழியே நுழையும் காற்றை அது ஒன்றும் செய்யாது. ஓட்டையை அடைத்த பிறகும் ஆசை இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

புதுப் பீடிங் போட்ட முதல் வாரம் கதவு கொஞ்சம் இறுக்கமாக மூடும். ஒரு மாதம் கழித்துப் பத்து ரூபாய் நோட்டோடு மறுபடி ஒரு சுற்று வாருங்கள். ஆடியில் சரிசெய்த காரை, மழை விட்டு வாடை வீசத் தொடங்கியதும் நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் வரை ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கே காற்று கடல் பக்கமிருந்து சாய்வாக அடிக்கும். எதிர்க்காற்றில் தெரியாத ஓட்டை ஏதாவது இருந்தால் அந்தச் சாலையில் கேட்டுவிடும்.